பையைக் கண்டால் பின்தொடரும் பசு

விடியற்காலை ஐந்தரை மணி. கேளம்பாக்கத்தில் கோவளம் சாலை பிரியும் முனையில் டீக்கடை பாய்லர் சீறத் தொடங்கிவிடும். சிறுசேரி கம்பெனி வேன்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நிற்கும். ஷட்டர் தூக்காத காய்கறிக் கடையின் முன்னே முந்தைய நாள் கழித்துப்போட்ட முட்டைக்கோஸ் இலையும் காலிஃபிளவர் தண்டும் குவிந்து கிடக்கும். அதைச் சுற்றி நான்கு மாடுகள். கறுப்பு வெள்ளைக் கலப்பினப் பசு ஒன்று, செவலை இரண்டு, கொம்பு முளைக்கத் தொடங்கிய கிடாரி ஒன்று. கழுத்துகளில் கயிறு உண்டு. கயிற்றின் மறுமுனைதான் யார் கையிலும் இல்லை.

மளிகைக் கடையிலிருந்து ஒரு பெண் கையில் பிளாஸ்டிக் பையோடு இறங்குகிறார். பை சரசரத்ததும் கறுப்பு வெள்ளைப் பசு தலையைத் தூக்குகிறது. அவர் நடக்க, பின்னாலேயே நடக்கிறது. அவர் வேகம் கூட்ட, அதுவும் கூட்டுகிறது. பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அவர் ஆட்டோவுக்குப் பின்னால் ஒதுங்க, ஓட்டுநர் ஹாரன் அடிக்கிறார். மாடு காதைக்கூட அசைக்கவில்லை. பழைய மாமல்லபுரம் சாலையில் இது அன்றாடக் காட்சி. பார்த்தவர்களில் பாதிப்பேர் சிரிப்பார்கள். சின்னப் பிள்ளையோடு நடந்துபோகிறவர்களுக்குச் சிரிப்பு வராது.

தெருவில் திரிவதால் இவை ஆதரவற்ற மாடுகள் என்று நினைத்துவிடக் கூடாது. பெரும்பாலானவற்றுக்கு வீடும் உரிமையாளரும் உண்டு, காதில் அட்டை தொங்கும், பாலுக்கு வாடிக்கையாளர்களும் உண்டு. நாலு மணிக்குக் கறந்து, பாலை அக்கம்பக்கத்து அடுக்குமாடிகளுக்கு ஊற்றி, பசுவை அவிழ்த்துவிடுகிறார்கள். கன்று கொட்டகையில் கட்டிக்கிடக்கும். மடி கனத்ததும் யாரும் கூப்பிடாமலேயே பசு வீடு திரும்பும். உரிமையாளருக்கு இதைவிடச் சுலபமான ஏற்பாடு கிடையாது. அந்த ஏற்பாடு மாட்டுக்கு எதையெல்லாம் கற்றுக்கொடுக்கிறது என்பதைத்தான் சென்னையும் புறநகரும் சில ஆண்டுகளாக ரத்தம் சிந்திப் பார்த்துவருகின்றன.

2023 ஆகஸ்டில் அரும்பாக்கத்தில், பள்ளி விட்டுத் தாயோடு நடந்துவந்த ஒன்பது வயதுச் சிறுமியை ஒரு மாடு கொம்பால் தூக்கி எறிந்து, கீழே விழுந்தவளை விடாமல் முட்டியது. அந்த சிசிடிவி காட்சியைத் தமிழ்நாடே பார்த்தது. அதே ஆண்டு அக்டோபரில் திருவல்லிக்கேணியில் மாடு முட்டிய முதியவர் ஒருவர் சிகிச்சை பலனின்றி இறந்தார். 2024 ஜூனில் திருவொற்றியூரில் ஓர் எருமை ஒரு பெண்ணை முட்டித் தெருவில் இழுத்துச் சென்றது. ஒவ்வொரு முறையும் 'மாட்டுக்கு வெறி பிடித்துவிட்டது' என்றுதான் பேசிக்கொண்டார்கள். வெறிநோய் மாட்டுக்கும் வரும், மறுப்பதற்கில்லை. ஆனால் மாட்டின் நடத்தையைப் படித்தவர்கள் தேடுவது வேறு விடைகளை: அது என்ன தின்றது, எங்கே வளர்ந்தது, யார் எப்படிக் கையாண்டார்கள்?

பழக்கிவிட்டது யார்?

மாடு மந்தமான பிராணி என்ற எண்ணம் நம்மிடம் ஊறிப்போனது. திட்டுவதற்குக்கூட அதைத்தான் இழுக்கிறோம். உண்மையில், எந்த இடத்தில், எந்த நேரத்தில், யாரிடம் தீனி கிடைக்கும் என்பதை அது சீக்கிரமே கற்றுக்கொள்கிறது, எளிதில் மறப்பதுமில்லை. அமாவாசையன்று கோயில் வாசலில் அகத்திக்கீரைக் கட்டு கிடைக்கும். காலை ஏழு மணிக்கு மூன்றாவது வீட்டு அம்மா நேற்றைய சாதத்தை வாசலில் கொட்டுவார். பழக்கடைக்காரர் கடை கட்டும்போது அழுகிய வாழைப்பழத்தை எறிவார். இதெல்லாம் ஒரு பசுவின் நாள்கணக்கில் இருக்கிறது.

இப்படிக் கொடுப்பவர்கள் புண்ணியம் என்று நினைத்தே கொடுக்கிறார்கள். ஆனால் மாடு கற்பது, கையில் பை வைத்திருக்கும் மனிதரிடம் உணவு இருக்கும் என்பதை. பை வைத்திருப்பவர் கொடுக்காமல் போனால், நெருங்கி முகர்ந்து பார்க்கும். முகர்ந்தும் கிடைக்காவிட்டால் தலையால் தள்ளும். தள்ளியதும் பயந்துபோய்ப் பையைப் போட்டுவிட்டு ஓடினால் கதை முடிந்தது: தள்ளினால் கிடைக்கும் என்பது அன்றைய பாடம். நானூறு கிலோ எடையுள்ள ஒரு பிராணி இந்தப் பாடத்தை இன்னொரு தெருவில், இன்னொரு ஆளிடம், கொஞ்சம் பலமாகப் பரிசோதித்துப் பார்க்கும்போது அதற்கு 'முட்டுகிற மாடு' என்று பெயர் வந்துவிடுகிறது.

சுவரில் ஒட்டிய போஸ்டரைக் கிழித்துத் தின்னும் மாட்டைப் பார்க்காத தமிழர் இல்லை. மைதாப் பசையின் ருசி அதற்கு ஒரு காரணம். பாஸ்பரஸ் போன்ற தாது உப்புகள் குறைந்துபோன மாடு துணி, எலும்பு, கயிறு, சுவர்ச் சுண்ணாம்பு என்று எதையும் மெல்லும் என்பது இன்னொரு காரணம். கால்நடை மருத்துவர்கள் இதை நோயின் அறிகுறியாகவே பார்க்கிறார்கள். நாமோ கைப்பேசியில் படம் எடுத்து நண்பர்களுக்கு அனுப்புகிறோம்.

பெட்டிச் செய்தி: ஒரு கறவைப் பசுவின் ஒரு நாள் தேவை

(நடுத்தர எடையுள்ள கலப்பினப் பசுவுக்கு, தோராயமாக)

பசுந்தீவனம்: 20 முதல் 25 கிலோ. கம்பு நேப்பியர் ஒட்டுப்புல், தீவனச் சோளம், அகத்தி, வேலிமசால் போன்றவை.

வைக்கோல் அல்லது சோளத்தட்டை: 5 முதல் 6 கிலோ.

அடர்தீவனம்: உடம்பைப் பராமரிக்க ஒன்றரை முதல் 2 கிலோ. அதற்குமேல் கறக்கும் ஒவ்வொரு இரண்டரை, மூன்று லிட்டர் பாலுக்கும் ஒரு கிலோ.

தண்ணீர்: 60 லிட்டருக்கும் மேல். கோடையில் இன்னும் கூடும்.

படுத்து ஓய்வெடுக்க: 10 முதல் 14 மணி நேரம். அசைபோட: ஏழெட்டு மணி நேரம்.

பரோட்டாவும் பொங்கலும்

மேலே உள்ள பட்டியலில் சாதமோ பரோட்டாவோ இல்லை. கேளம்பாக்கம், படூர், நாவலூர் பக்கம் மாடுகளுக்கு அவைதான் தாராளமாகக் கிடைக்கின்றன. விடுதிகள், கல்லூரி உணவகங்கள், பிரியாணிக் கடைகள், கல்யாண மண்டபங்கள் எல்லாவற்றின் மிச்சமும் நேராகவோ குப்பைத்தொட்டி வழியாகவோ மாட்டுக்குப் போகிறது.

மாட்டின் நான்கு அறை வயிற்றில் பெரியது அசையூண் இரைப்பை. அங்கே வாழும் கோடானுகோடி நுண்ணுயிரிகள் நாரை மெதுவாக நொதிக்கவைத்து மாட்டுக்கு உணவாக்குகின்றன. நார்த்தீவனத்தை மென்று அசைபோடும்போது ஒரு நாளில் நூறு லிட்டருக்கும் மேல் உமிழ்நீர் சுரந்து, வயிற்றில் உருவாகும் அமிலத்தைத் தணிக்கும். வேகவைத்த அரிசியும் மைதாவும் மொத்தமாக உள்ளே போனால் கணக்கு தப்பிவிடும். மாவுச்சத்து வேகமாக நொதித்து லாக்டிக் அமிலம் பெருகும். மெல்ல வேலை இல்லாததால் உமிழ்நீரும் சுரக்காது. இதுதான் வயிற்று அமில நோய். மாடு தீனியை மறுக்கும், பல்லை நறநறக்கும், கழியும், தள்ளாடிப் படுத்துவிடும். சில மணி நேரத்தில் இறப்பதும் உண்டு. மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் கால்நடை மருத்துவமனைகளில் கூட்டம் சேர்வது இதனால்தான். சர்க்கரைப் பொங்கலை ஒரு கவளம் ஊட்டினால் சடங்கு, ஒரு அண்டா ஊட்டினால் விபத்து.

2024 ஜூனில் கேரளத்தின் கொல்லம் மாவட்டத்தில், அளவுக்கு மீறிப் பரோட்டாவும் பலாப்பழமும் கொடுக்கப்பட்ட பண்ணையில் ஐந்து பசுக்கள் செத்துப்போயின. அது அன்போடு நடந்த பண்ணை, தெருவல்ல. கைக்கு எட்டியதையெல்லாம் தீவனம் என்று நினைத்ததற்குக் கொடுத்த விலை அது.

உயிர் போகாத அளவுக்கு நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாக அமிலம் ஏறுவது இன்னும் வம்பான நிலை. வெளியே எதுவும் தெரியாது. குளம்புக்குள் வீக்கம் வரும், நடக்கும்போது வலிக்கும். வலியோடு நிற்கும் மாடு தொட்டால் உதைக்கும், நெருங்கினால் தலையைத் திருப்பும். உரிமையாளர் அதற்கு 'முரட்டு மாடு' என்று பட்டம் கட்டி இரண்டு அடி கூடுதலாகப் போடுவார்.

2019 அக்டோபரில் திருமுல்லைவாயலிலிருந்து சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு வந்த பசுவை இந்த இடத்தில் நினைக்காமல் இருக்க முடியாது. கன்று ஈன்று மூன்று வாரம்கூட ஆகாத பசு. பால் குறைந்திருந்தது. தன் வயிற்றையே பின்னங்காலால் உதைத்துக்கொண்டிருந்தது. ஐந்தரை மணி நேர அறுவை சிகிச்சையில் அதன் வயிற்றிலிருந்து 52 கிலோ பிளாஸ்டிக்கை எடுத்தார்கள். ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்குக்குத் தமிழ்நாட்டில் தடை வந்து பத்து மாதம் ஆகியிருந்த நேரம் அது.

மாடு ஏன் பையோடு விழுங்குகிறது? ஆட்டுக்கு உதடு நுணுக்கமாக வேலை செய்யும், இலையைத் தனியாகப் பொறுக்கும். மாடு நாக்கைச் சுழற்றி வாரி உள்ளே தள்ளிவிட்டுப் பிற்பாடு அசைபோடும் பிராணி. முடிச்சுப் போட்ட பைக்குள் சாம்பார் சாதம் மணத்தால் பையைப் பிரிக்கும் வழி அதற்கு இல்லை. கம்பி, ஆணி எல்லாம் இப்படித்தான் உள்ளே போகின்றன. அடுக்குமாடிக் கட்டுமானம் ஓயாத இந்தப் பகுதியில் கட்டுக்கம்பித் துண்டுக்குப் பஞ்சமே இல்லை. இரைப்பையைக் குத்திய கம்பி இதயத்தை நோக்கி நகர்வதும் உண்டு. முதுகை வளைத்து, முழங்கையை விலக்கி நின்று, சரிவில் இறங்க மறுத்து முனகும் மாட்டைப் பார்த்தால் மருத்துவர் முதலில் சந்தேகப்படுவது கம்பியைத்தான்.

கறக்கும் கை

தெருவில் நடப்பது பாதிக் கதை. மீதிப் பாதி கொட்டகையில்.

மடியிலிருந்து பால் இறங்க ஆக்ஸிடோசின் என்ற ஹார்மோன் சுரக்க வேண்டும். கன்று முட்டும்போதும், மடியைக் கழுவி நீவும்போதும், தீனித்தொட்டியின் சத்தம் கேட்கும்போதும் அது சுரக்கிறது. சில நிமிடங்களுக்குத்தான் அதன் வேலை. அந்த நேரத்தில் மாடு பயந்தால் அட்ரினலின் சுரந்து எல்லாவற்றையும் நிறுத்திவிடும். 'பசு பாலை மறைக்கிறது' என்று நம் ஊரில் சொல்வார்கள். பசு வேண்டுமென்று மறைப்பதில்லை. அதன் உடம்பு அப்படி.

1999இல் கனடாவில் ஜெஃப்ரி ரஷனும் அவரது குழுவினரும் இதை அளந்து பார்த்தார்கள். ஒருவர் பசுக்களிடம் மென்மையாக நடந்துகொண்டார், இன்னொருவர் முரட்டுத்தனமாக. பசுக்கள் இருவரையும் பிரித்தறியக் கற்றுக்கொண்டன. பிறகு கறவை நேரத்தில் முரட்டு ஆள் பக்கத்தில் நின்றாலே போதும், அடிக்கக்கூட வேண்டாம், மடியில் இறங்காமல் தங்கிய பால் 70 சதவீதம் கூடியது. ஆஸ்திரேலியாவில் பால் ஹெம்ஸ்வொர்த் குழுவினர் பல பண்ணைகளை ஒப்பிட்டபோதும், மனிதரைக் கண்டு மாடுகள் அதிகம் மிரளும் பண்ணைகளில் பால் குறைவாகவே இருந்தது.

இங்கிலாந்தின் நியூகாசில் பல்கலைக்கழகத்தில் 516 பால் பண்ணையாளர்களிடம் நடத்திய ஆய்வு 2009இல் வெளியானது. பசுக்களுக்குப் பெயர் வைத்துக் கூப்பிடும் பண்ணைகளில் ஒரு பசு ஒரு கறவைக் காலத்தில் சராசரியாக 258 லிட்டர் கூடுதலாகக் கறந்ததாகக் கணக்கு. சிரிக்கவைத்துச் சிந்திக்கவைக்கும் ஆய்வுகளுக்கான இக் நோபல் பரிசும் அதற்கு அந்த ஆண்டே கிடைத்தது. லட்சுமி, நந்தினி, செவலை என்று காலங்காலமாகப் பெயர் வைத்தே கூப்பிட்ட ஊருக்கு இதில் புதுமை ஒன்றும் இல்லை. பெயர் மட்டும் பாலைக் கூட்டிவிடாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பெயர் வைத்துக் கூப்பிடும் ஆள் மாட்டை ஒவ்வொன்றாகக் கவனிப்பார், தட்டிக்கொடுப்பார், தடவிக்கொடுப்பார். பலன் அதிலிருந்து வருகிறது. எங்கே தடவுகிறோம் என்பதற்கும் விடை உண்டு. வியன்னா ஆய்வாளர்கள் 2008இல் பசுக்களின் உடம்பில் வெவ்வேறு இடங்களில் தடவிப் பார்த்தார்கள். கழுத்தின் அடிப்பகுதியில், மாடுகள் ஒன்றையொன்று நக்கிக்கொள்ளும் இடத்தில், தடவியபோது அவை கழுத்தை நீட்டிக்கொடுத்தன.

புறநகர்க் கொட்டகைகளில் நிலைமை வேறு. கறவைக்கு வரும் ஆளுக்கு ஐந்தாறு வீடு பாக்கி இருக்கும். இடம் குறுகல், தரை சிமெண்டு, வழுக்கும். பின்னங்கால்களை அணைத்துக் கட்டி, வாலை முறுக்கி, கன்றை இரண்டு வாய் ஊட்டவிட்டு இழுத்துக் கட்டி, அவசர அவசரமாகக் கறந்துவிட்டு ஓடுவார். அரைகுறையாகக் கறந்த மடியில் மடிநோய் எளிதில் வரும். மடிநோய் வந்த காம்பில் கை வைத்தால் எந்தப் பசுவும் உதைக்கும். உதைத்தால் அடி. அடுத்த நாள் கறவைக்காரரின் சைக்கிள் மணி கேட்டதுமே பசு சாணம் போட்டு நெளியத் தொடங்கும்.

பெட்டிச் செய்தி: மாட்டின் கண்ணும் காதும்

தலையைத் திருப்பாமலே ஏறக்குறைய 330 பாகை வரை பார்க்கும். நேர்பின்னால் மட்டும் தெரியாது. அங்கிருந்து திடீரென்று தொட்டால் உதைக்கும்.

ஆழத்தை மதிப்பிடும் பார்வை முன்னால் ஒரு சிறு பகுதிக்குத்தான். நிழல், குட்டை, சாக்கடை மூடி எல்லாமே அதற்குப் பள்ளமாகத் தெரியலாம்.

சிவப்பை நம்மைப்போலப் பார்க்க முடியாது. சிவப்புத் துணி கண்டு மாடு சீறும் என்பது சினிமா. அசையும் துணிதான் அதை உசுப்புகிறது.

மனிதருக்குக் கேட்காத உச்சத் தொனிகளும் அதற்குக் கேட்கும். கத்தலும் விசிலும் அதைக் கூடுதலாக மிரளவைக்கும்.

பயம் போன மாடு

காட்டுமாட்டை நெருங்கினால் ஓர் எல்லைக்குப் பின் அது ஓடிவிடும். அமெரிக்காவின் டெம்பிள் கிராண்டின் போன்ற நிபுணர்கள் மாடுகளை அடிக்காமல் நகர்த்த இந்த விலகல் எல்லையைத்தான் பயன்படுத்தச் சொல்கிறார்கள். எல்லையின் ஓரத்தில் நின்றால் மாடு நகரும், பின்வாங்கினால் நிற்கும். முற்றாகப் பழகிய மாட்டுக்கு அந்த எல்லையே இல்லை. பழைய மாமல்லபுரம் சாலையில் ஹாரன் பலிக்காததன் காரணம் இதுதான். ஆயிரம் ஹாரன் கேட்டும் ஒன்றும் ஆகவில்லை என்று அது கண்டுகொண்டது.

பயம் இல்லாத மாடு சாது என்பது நம் தப்புக்கணக்கு. மனிதரைக் கண்டு விலகாத மாடு, கோபமோ வலியோ வரும்போதும் விலகாது. கன்றோடு திரியும் பசுவை எடுத்துக்கொள்வோம். தெருநாய் ஒன்று கன்றை முகர்ந்தால் அதற்கு உடம்பெல்லாம் விறைக்கும். அந்த நேரம் குறுக்கே ஓடும் குழந்தையும் அதற்கு ஒரு நாய்தான். சுற்றி நின்று கல்லெறிந்து கத்தினால் அது ஓடும் என்று நினைக்கிறோம். வழி அடைபட்ட மாடு, கண்முன் இருப்பதை மேலும் முட்டும். எங்கிருந்து கல் வந்தது என்று ஆராய அதற்கு நேரமில்லை.

இன்னொரு நடத்தை, சாலையில் படுப்பது. வண்டலூர் – கேளம்பாக்கம் சாலையிலும் ஜிஎஸ்டி சாலையிலும் மழைக்காலத்து இரவுகளில் நடுச்சாலைத் தடுப்பையொட்டி மாடுகள் வரிசையாகப் படுத்திருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் காலி மனைகள் எல்லாம் குளமாகிவிடும். சாலைதான் உலர்ந்த இடம், பகல் வெயிலின் சூடும் அதில் தங்கியிருக்கும். போகிற வண்டிகளின் காற்றுக்குக் கொசுவும் ஈயும் அண்டாது. பத்துப் பன்னிரண்டு மணி நேரம் படுத்தாக வேண்டிய பிராணிக்கு இது நல்ல இடம். எதிர்வெளிச்சத்தில் கறுப்பு எருமையைக் கடைசி நொடியில் பார்க்கும் பைக் ஓட்டுநருக்கு மோசமான இடம். மேய்ச்சலுக்கு இருந்த புறம்போக்கும் ஏரிக்கரையும் மனைகளாகிவிட்டன. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் எஞ்சியதன் ஓரத்தில் மட்டும் எருமைகளுக்கு இன்னும் கொஞ்சம் மேய்ச்சல் உண்டு, பக்கத்திலேயே பெருங்குடிக் குப்பை மேடும் உண்டு.

அபராதம் எங்கே முடிகிறது?

நகர்ப்புறத்தில் மாடு வளர்க்க உரிமம் வேண்டும் என்று சொல்லும் சட்டம் 1997இலேயே தமிழ்நாட்டில் வந்துவிட்டது. சென்னை மாநகராட்சி ஒரு காலத்தில் பிடித்த மாட்டுக்கு 1,550 ரூபாய் வாங்கியது. அடுத்தடுத்த தாக்குதல்களுக்குப் பின் அது 5,000 ஆகி, 2024இல் முதல் முறைக்கு 10,000, மீண்டும் பிடிபட்டால் 15,000 என்று உயர்ந்தது. முட்டிக் காயப்படுத்தினால் உரிமையாளர்மீது குற்ற வழக்கும் பாயும்.

இந்த அபராதத்துக்கு ஓர் எல்லை உண்டு. மாநகராட்சி செம்மஞ்சேரியோடு முடிகிறது. அதற்குத் தெற்கே நாவலூர், படூர், கேளம்பாக்கம் எல்லாம் செங்கல்பட்டு மாவட்ட ஊராட்சிகள். மேற்கே 2021இல் உருவான தாம்பரம் மாநகராட்சி தனி அதிகாரம். ஒரே மாடு மூன்று நிர்வாகங்களுக்குள் மேய்ந்துவர முடியும். மாடு பிடிக்கும் வண்டியால் அப்படிச் சுற்ற முடியாது.

பிடித்த மாடு புதுப்பேட்டை, பெரம்பூர் பட்டிகளுக்குப் போகிறது. பிடிக்கும் முறையே அதற்கு முதல் அதிர்ச்சி: சுருக்கு, இழுபறி, லாரி. வேளாவேளைக்குக் கறக்காவிட்டால் மடி கட்டிக்கொள்ளும். வீட்டில் கன்று கத்திக்கொண்டிருக்கும். பணம் கட்டி மீட்ட உரிமையாளர் அந்தப் பணத்தைத் தேற்ற முதலில் குறைப்பது புண்ணாக்கையும் தவிட்டையும். அதனால் மாடு முன்னிலும் பசியோடு தெருவுக்கு வரும். அபராதத் தொகை ஏறியும் மாடு குறையாததற்கு உரிமையாளரின் அலட்சியம் ஒரு காரணம் என்றால், அவரது கணக்குப்புத்தகம் இன்னொரு காரணம். பால் உற்பத்திச் செலவில் அறுபது, எழுபது சதவீதம் தீவனத்துக்கே போகும். 2023 டிசம்பரில் ஊக்கத்தொகை 3 ரூபாய் சேர்த்து ஆவின் பசும்பாலுக்குக் கொடுத்தது லிட்டருக்கு 38 ரூபாய். கட்டிப்போட்டு, வைக்கோலையும் பசும்புல்லையும் விலைக்கு வாங்கிப் போட்டால் புறநகரில் அது கட்டாது. தெருவில் விட்டால் தீவனம் இலவசம், செலவு ஊருக்கு.

அந்தச் செலவை உரிமையாளரிடம் திருப்பாமல் விடவும் கூடாது, அவர் மாட்டை அவிழ்க்காமல் இருக்க ஓர் இடமும் வேண்டும். சென்னை மாநகராட்சி பொது மாட்டுக் கொட்டகைகளைக் கட்டி, ஒரு மாட்டுக்கு நாளொன்றுக்கு 10 ரூபாய் கட்டணத்தில் இடம் தரும் திட்டத்தை எடுத்தது இந்தக் கணக்கில்தான். கொட்டகை மட்டும் போதாது. தீவனமும் வந்து சேர வேண்டும். ஜிஎஸ்டி சாலையில் பொத்தேரிக்குப் பக்கத்தில் காட்டுப்பாக்கத்தில் கால்நடை அறிவியல் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. தீவனப்புல்லும் மாட்டுப் பராமரிப்பும் கற்க கேளம்பாக்கத்திலிருந்து நெடுந்தூரம் போக வேண்டியதில்லை. சோழிங்கநல்லூரில் ஆவின் பால் பண்ணையும் இருக்கிறது. இடையில் இருக்கும் இருபது முப்பது கிலோமீட்டரில் மாட்டுக்குக் கிடைப்பது குப்பைத்தொட்டி.

குடியிருப்போர் பக்கமும் வேலை உண்டு. மீந்த சாதத்தை முடிச்சுப் பையில் கட்டித் தெருவில் வைக்காமல், மட்கும் குப்பையாகப் பிரித்துக் கொடுப்பது முதல் வேலை. காய்கறித் தோலும் வாழை இலையும் கொடுக்க ஆசை இருந்தால், மாடு கட்டியிருக்கும் கொட்டகைக்கே கொண்டுபோய்க் கொடுக்கலாம். படுத்துக் கிடக்கும், வயிறு உப்பிய, தள்ளாடும் மாட்டைக் கண்டால் 1962 என்ற எண்ணில் கால்நடை மருத்துவ ஊர்தியை அழைக்கலாம்.

எதைத் தின்னலாம், எங்கே போகலாம் என்பதைக் கன்றுகள் தாயைப் பார்த்தே கற்கின்றன. இரண்டாவது மாதத்தில் தாயின் பின்னால் குப்பைத்தொட்டிவரை நடந்துபோன கிடாரி, இரண்டு வயதில் தனியாகவே அந்த வழியில் வரும். இன்றைக்குக் கொட்டகையில் பிறக்கும் கன்றுக்கு எந்த வழியைப் பழக்குவது என்று தீர்மானிக்க உரிமையாளருக்கு இருப்பது அதன் முதல் சில மாதங்கள்தான். தெருவில் திரியும் மாடுகளைப் பிடிப்பது பற்றி மாநகராட்சிகள் நிறையப் பேசுகின்றன. கன்றுகளைப் பற்றி இதுவரை யாரும் பேசவில்லை.